பெரட்டில் சொன்ன கம்பி

விதி இதுதான். பொதுமக்கள் போகிற வருகிற பாதையில், வாகனம் தலைநிமிர்ந்து போக முடியாத தாழ்வில் எதையாவது குறுக்கே கட்டினால், கட்டியவர் அதற்கு முன்னால் ஒரு பலகை நட வேண்டும். ஓட்டுபவர் கண்டு நிறுத்த இடமிருக்கும் தூரத்தில் நட வேண்டும். பனி இறங்கும் ஊரானால் கூடவே ஒரு விளக்கும் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் முட்டியவர் அல்ல, கட்டியவரே பொறுப்பு.

எவ்வளவு அழகான விதி! வாசிக்கும்போதே கண் செருகுகிறது.

போன வாரம் இந்த விதி மறுபடி என் வீட்டுக்குள் வந்தது. என் தங்கை மகன் லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கிறான். கொழும்பில் ஒரு வாடகைக் காரை எடுத்து, தானே ஓட்டி மலையேறி வந்தான். பண்டாரவளையில் ஒரு விடுதி முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போது, முழங்கால் உயரப் புல்லுக்குள் ஒளிந்திருந்த கல் ஒன்று காரின் அடிவயிற்றைக் கிழித்துவிட்டது. முற்றமெல்லாம் எண்ணெய். பார்த்து ஓட்டியிருக்க வேண்டும் என்றாராம் விடுதிக்காரர். பலகை எங்கே என்றானாம் இவன்.

கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் இவன் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறான்.

"நான் வெளிநாட்டுக்காரன். இங்க கல் இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். விடுதிக்காரர் நாற்காலி போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, பழுது பார்ப்பது தன் பொறுப்பு என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

இந்த வெளிநாட்டுக்காரன் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இவனுக்குத் தொட்டில் கட்டக் கயிறு வாங்கி வந்தவன் நான். ஆனால் பாஸ்போர்ட் வேறு சொல்கிறது... பாஸ்போர்ட் சொன்னால் சரிதான்.

அவன் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வாக்கியத்தைச் சொல்லும்படி, பல வருஷங்களுக்கு முன் இன்னொருவரிடம் நான் மன்றாடியிருக்கிறேன். மாட்டேன் என்றுவிட்டார்.

அவர் பெயர் சந்தனம்.

அப்போது நான் பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம லிகிதர். அது கதவில் எழுதியிருந்த பெயர். ஊர் வாயில் பெரிய கிளாக்கர். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், எதைத் தட்டினால் எழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது.

சந்தனம், பஜாரில் கடை வைத்திருந்த ஜப்பார் முதலாளியின் லொறி டிரைவர். மாவும் சீனியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு ஹாலிஎலைக்கு மேலே உள்ள தோட்டங்களுக்குப் போவார். திரும்பும்போது கோவா, லீக்ஸ் என்று மலைக் காய்கறி இறங்கி வரும். அவர் மனைவி முத்தம்மாவுக்கு அதில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. அதனால் குடும்பத்துக்கு அங்கேயே லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை. சந்தனம் பிறந்ததும் அதே தோட்டம்தான்.

அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் என் சிநேகிதர். சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்க நான் சந்தனத்தின் லொறியில் முன்சீட்டில் ஏறிப் போவேன்.

அந்த ரோட்டை இப்போதும் கனவில் காண்கிறேன். கனவில் லொறி இல்லை, சத்தம் இல்லை. சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், ரோடு தானாக என்னிடம் வருகிறது. முதலில் டர்பன்டைன் மர வாசனை. பிறகு பனி. மேல் மலை போகும், கீழ்ப் பள்ளம் போகும், கடைசியில் ரோட்டோரத்துத் தேயிலைச் செடியும் போய்விடும். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இடது பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். அது மெல்ல வலது பக்கத்துக்கு மாறினால் பாலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நிஜத்திலும் அப்படித்தான். பனிக்குள் சந்தனம் லைட் போட்டதாக எனக்கு நினைவில்லை. வேகத்தைக் குறைத்ததாகவும் நினைவில்லை. பயமாக இல்லையா என்று ஒருதரம் கேட்டேன். "ரோடு எங்கிட்டுங்க போயிரப் போவுது?" என்றார்.

ரோடு எங்கும் போகவில்லை. ஆனால் அதன் மேல் ஒன்று வந்தது.

ஒரு பெரிய மழைக்குப் பிறகு அந்தப் பாலத்தின் ஒரு பக்கத்துக் கல்கட்டு ஆட்டம் கண்டது. பாரமேற்றிய லொறி போகக் கூடாது என்று தோட்டத்துத் துரை முடிவு செய்தார். நல்ல முடிவு. வளைவு திரும்பியதும் ரோட்டின் இரு பக்கமும் மரத்தூண் நட்டு, மேலே பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். கார் போகலாம், ஜீப் போகலாம். கூண்டு வைத்த லொறி போக முடியாது. லொறிகளுக்குக் கீழே ஆற்று வழி. ஊர் இதைக் கம்பி என்று சொன்னது.

பலகை? வைக்கவில்லை.

கம்பி கட்டிய அன்று சந்தனம் லோடு ஏற்றப் பஜாரிலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை, பனிக்குள், மாவு லோடோடு வந்தார். தண்ணீர்ச் சத்தம் இடமிருந்து வலம் மாறியிருக்கிறது. வழக்கம்போல் வளைத்திருக்கிறார்.

கம்பி கூண்டை அப்படியே உரித்துவிட்டது. மாவு மூட்டைகள் பிளந்தன. பனி எது, மாவு எது என்று தெரியாத வெள்ளை. அன்று பகல் முழுக்க அந்த வளைவில் தேயிலைச் செடிகள் நரைத்து நின்றன. சந்தனம் நெற்றியில் ஒரு கீறலோடு, தலை முதல் கால் வரை வெள்ளையாக, சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஓடி வந்த பெண்கள் ஆவி என்று பயந்தார்களாம். அவர் கேட்டது ஒன்றுதான்: "இது எப்ப வந்துச்சு?"

ஜப்பார் முதலாளி வந்து பார்த்தார். ஆளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் லொறியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"புதுசா ஒருத்தன் ஓட்டியிருந்தா மெல்ல மெல்ல வந்திருப்பான் கிளாக்கர். கம்பியக் கண்டு நிப்பாட்டியிருப்பான். இவன் ரோட்டத் தெரிஞ்ச குத்தத்துக்கு என்ட லொறிட கூண்டு போச்சு."

கச்சேரியில் இருந்த சட்டப் புத்தகங்கள் எதிலும் இந்த நுட்பம் இல்லை.

சரி, பலகை ஏன் வைக்கவில்லை? தோட்டத்தைக் கேட்டார்கள். பதில் கம்பீரமாக வந்தது: "பெரட்டில் சொன்னோம்."

பெரட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்கு என்று வேலை பிரிக்கிற இடம் அது. தோட்டத்தின் வானொலியும் அதுதான், வர்த்தமானியும் அதுதான். அம்மை ஊசி, அரிசி, சாவு, திருவிழா — எல்லாம் பெரட்டில் சொன்னால் முடிந்தது. கம்பி கட்டப் போவதையும் இரண்டு நாள் முன்பே கங்காணி பெரட்டில் உரக்கச் சொல்லியிருக்கிறார். கட்டுகிறவர்கள், கேட்கிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் ஒரே மலையில் இருக்கிறவர்கள். பிறகு பலகை யாருக்கு? மாட்டுக்கா?

துரையின் கணக்கு சுத்தமாக இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் கம்பி தெரியும். சந்தனம் தோட்டத்து லயத்தில் இருக்கிறவர். ஆகவே சந்தனத்துக்குத் தெரியும். தெரிந்தும் முட்டியது கவனக்குறைவு. பொலிஸ் சார்ஜன்ட் நல்ல மனிதர். என்ன செய்வது கிளாக்கர் மஹத்தயா, தோட்டம் முறைப்பாடு கொடுத்திருக்கிறது என்று கையை விரித்தார். பலகை வைத்திருக்க வேண்டும் என்று வீதிகளுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோர் எழுதிக் கொடுத்தால் வழக்கை விட்டுவிடுவேன் என்றார். இல்லாவிட்டால் கோர்ட். கோர்ட்டுக்குப் போனால் லைசென்ஸ் புத்தகத்தின் பின்பக்கம் நீதவான் கையால் ஒரு வரி ஏறும்.

ஒரு வரிதானே? மற்றவருக்கானால் ஒரு வரிதான்.

சந்தனத்துக்கும் முத்தம்மாவுக்கும் அந்த வருஷம்தான் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, தோட்டத் தமிழர்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்துக்கொண்ட காலம். இவர்கள் அங்கே. திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு ஊர். பெயர் தெரியும், முகம் தெரியாது. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல், போகிற நாளும் குறித்தாகிவிட்டது. அங்கே போய்ப் பிழைக்க அவர் கையில் இருந்தது ஸ்டியரிங் ஒன்றுதான். கறை விழுந்த லைசென்ஸை நீட்டினால், முன்பின் தெரியாத ஊரில் யார் வண்டியை நம்பிக் கொடுப்பார்கள்?

நான் ஒரு ராத்திரி முழுக்க விதிப் புத்தகத்தைப் புரட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். விதியின் வாலில் ஓர் உட்பிரிவு. ஓட்டுபவர் வெளிநாட்டவராகவும் அந்தப் பாதைக்குப் புதியவராகவும் இருந்தால், வாய்மொழியாகச் சொன்னது செல்லாது. பலகை இருந்தே ஆக வேண்டும். அப்படியான சந்தர்ப்பத்தில் கொழும்பைக் கேட்க வேண்டியதில்லை, பதுளை என்ஜினியரே கையெழுத்துப் போடலாம். ஒரு வாரத்தில் காரியம் முடிந்துவிடும். லைசென்ஸ் சுத்தம், கப்பலும் தப்பாது.

சந்தனம் யார்? இந்தியப் பிரஜை. அதாவது, வெளிநாட்டவர். ஆகா! என் முதுகை நானே தட்டிக்கொள்ள எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவரை என் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னேன். முத்தம்மாவும் கூட வந்தார். உட்காரப் போட்டிருந்த வாங்கின் இந்த நுனியில் சந்தனம், அந்த நுனியில் முத்தம்மா. நடுவில் இன்னொரு குடும்பம் உட்காரலாம். வெளியே சாரல். நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.

"நான் இந்தியப் பிரஜை. இந்நாட்டின் வீதிகளுக்குப் புதியவன். மேற்படி பாதை எனக்குப் பரிச்சயமற்றது..."

சந்தனம் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"எந்தப் பாதைங்க ஐயா?"

"அந்தப் பாதைதான். பாலத்துப் பாதை."

"அது எனக்குத் தெரியாதுன்னா எழுதியிருக்கீங்க?"

"அப்படி எழுதினாத்தான் நீங்க தப்பலாம், சந்தனம்."

அவர் என் தாளைக் கையால் ஒதுக்கினார்.

"எங்க ஆத்தாவ அந்த ரோட்டு வழியாத்தாங்க தூக்கிட்டுப் போனோம். கொள்ளிச்சட்டி எடுத்துக்கிட்டு முன்னால போனது நானு. தெரியாத ரோட்டுல எப்படிங்க போயிருப்பேன்?"

இது வேறு, சட்டம் வேறு என்று விளக்கினேன். பாஸ்போர்ட்டின்படி அவர் வெளிநாட்டவர் என்றேன். பாஸ்போர்ட்டைக் கண்டால் மீதியை யாரும் தோண்ட மாட்டார்கள் என்றேன்.

"பாஸ்போர்ட்டு லொறி ஓட்டலீங்களே," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேர்த்தியான உட்பிரிவை ஒரு மனிதர் மறுப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சரி, ரோடு தெரியும் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் கம்பியும் தெரிந்திருக்க வேண்டுமே என்று மடக்கினேன். தோட்டம் பூராவும் பெரட்டில் கேட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருமா கேட்கவில்லை?

வாங்கின் அந்த நுனியிலிருந்து குரல் வந்தது. பேச்சு எனக்கு. பார்வை தரைக்கு.

"நான் பெரட்டுல நின்னேங்க. காதால கேட்டேன்."

"அப்ப வீட்டுல சொல்லலையா?"

"பேச்சு இல்லீங்க."

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் அவுகளுக்கும்."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. இவர்களுக்கு ஒரே மகள், செல்வி. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. ஆகவே மகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே. செல்வி இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், அதில் எந்த அரசாங்கத்துக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் கப்பல் நாள் அதற்கு முன்னால் விழுந்துவிட்டது. நாளைத் தள்ளிக் கேளுங்கள் என்றிருக்கிறார் முத்தம்மா. கந்தோரில் பெரிய வரிசை. இவர் வாயைத் திறக்காமல், கொடுத்த நாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"தாய்வீடு கப்பல் ஏறிப் போயிட்டா, பிள்ள எங்கிட்டு வந்து பெத்துக்குங்க?" என்றார் முத்தம்மா. "அன்னைக்கு நிப்பாட்டுனேங்க பேச்ச. சோறு வைக்கிறேன், துணி தொவைக்கிறேன். பேசறதில்ல. அம்புட்டுத்தான்."

"கம்பி விஷயமாவது சொல்லியிருக்கலாமே அம்மா. உயிர் போற காரியம்..."

"சொல்லத்தாங்க வாய் வந்துச்சு. மொதல்ல நான் பேசுனா, நான் தோத்த மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "தலையெல்லாம் வெள்ளையா அவுகளப் பாத்தப்ப எனக்கு உசுரே இல்லீங்க."

"இப்பப் பேசறீங்கதானே?"

"இல்லீங்க."

சந்தனம் என்னைப் பார்த்து, "ஐயாகிட்ட சொல்றதெல்லாம் எனக்குத்தாங்க," என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். விபத்துக்கான காரணங்கள் என்று அரசாங்கப் படிவத்தில் ஒரு பத்தி உண்டு. பனி இருக்கும், வேகம் இருக்கும், மது இருக்கும், பிரேக் இருக்கும். பெண்சாதி பேசவில்லை என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. உண்மையில் இந்த உலகத்து விபத்துகளில் பாதி அந்தக் கட்டத்தில்தானே விழும்?

"உள்ளத எழுதுங்க ஐயா," என்றார் சந்தனம். "ரோடு தெரியும். கம்பி தெரியாது. சம்சாரத்துக்குச் சொன்னாங்க, சம்சாரம் எனக்குச் சொல்லல. அம்புட்டுத்தானே நடந்தது?"

கடைசி முயற்சியாக நான் பயமுறுத்தினேன். அப்படி எழுதினால் பதுளை என்ஜினியர் தொடவே மாட்டார். பெரட்டில் சொன்னது பலகைக்குச் சமமா, பெண்சாதிக்குச் சொன்னது புருஷனுக்குச் சொன்னதாகுமா என்று கொழும்பைக் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குக் கொழும்பிலிருந்து எப்போது பதில் வரும் என்று கதிர்காமக் கந்தனுக்கும் தெரியாது. எதிராக வந்தால் லைசென்ஸ் பாழ். பதில் வருகிற வரையில் விசாரணை முடியாது. விசாரணை முடியாமல் நீங்கள் நாட்டை விட்டுப் போகவும் முடியாது!

கடைசி வாக்கியத்தை நான் மேசையைத் தட்டிச் சொன்னேன்.

முத்தம்மா தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. வாங்கின் இந்த நுனியைப் பார்த்தார்.

"எழுதச் சொல்லுங்க," என்றார், அவரிடம்.

சந்தனம் திடுக்கிட்டுத் திரும்பினார். எத்தனை நாளைக்குப் பிறகு கேட்ட குரலோ... அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை விவரிக்க எனக்குத் தெரியாது. நான் கச்சேரிக்காரன்.

"எழுதுங்க ஐயா. லைசென்ஸு விஷயத்த அது வரும்போது பாத்துக்குவோம்."

எழுதினேன். அவர் சொன்னபடியே. முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய விண்ணப்பங்களில் பொய்யே இல்லாதது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் கச்சேரி வழியாகத்தான் கொழும்புக்குப் போனது. கப்பல் நாள் வந்தது, போனது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்தது: விசாரணை நிலுவையில்.

இப்போது என்னைப் பற்றி ஒரு தகவல். நான் நினைவூட்டல் கடிதங்களுக்குப் பேர் போனவன். முதல் நினைவூட்டல் பணிவாக, இரண்டாவது சிவப்புக் கோடு இழுத்து, மூன்றாவது அதிகாரியின் பேருக்கே. கொழும்பில் சிலர் என் கையெழுத்தைக் கண்டாலே மாத்திரை தேடுவார்கள் என்று கேள்வி. சந்தனத்தின் பைலுக்கும் நினைவூட்டல் போக வேண்டிய நாள் வந்தது. என் உதவியாளர் தட்டச்சு செய்துகொண்டு வந்து வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் சந்தனம் கச்சேரி வாசலில் நின்றார். தலையைச் சொறிந்தார். தூணைத் தடவினார்.

"ஐயா ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி எழுதுவீங்களாமே... எல்லாரும் சொல்றாங்க..."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க." மறுபடி தூண். "பாவம், அவங்களுக்கும் வேல இருக்கும்லங்க?"

கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டேன். நினைவூட்டாமல் இருப்பதும் ஒரு நடைமுறைதான் என்று உதவியாளரிடம் சொன்னேன். அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். எனக்குக் காய்ச்சலோ என்று நினைத்திருப்பார்.

அந்த மாதங்கள் எனக்கு இப்போது ஒரு தூக்கத்துக்குள் நடந்தவைபோல் தெரிகின்றன. எங்கள் கடிதம் கொழும்பில் எங்கோ ஒரு மேசையில், மின்விசிறிக் காற்றில் ஓரம் படபடக்க, கண்ணாடிக் குண்டின் கீழ் படுத்திருப்பதை நான் நினைத்துப் பார்ப்பேன். தூங்குகிற பைல்களைச் சபித்தே வயதானவன் நான். இந்த ஒரு பைலுக்குத் தாலாட்டுப் பாடாத குறை. தபால்காரர் வந்தால் முதலில் உறைகளின் முத்திரைகளைத்தான் புரட்டிப் பார்ப்பேன். கொழும்பு முத்திரை இல்லை என்றால் நிம்மதி.

ஜப்பார் முதலாளி லொறிக்குப் புதுக் கூண்டு அடித்தார். சந்தனமே ஓட்டினார், கீழே ஆற்று வழியாக. சனிக்கிழமைகளில் நான் பக்கத்தில். தண்ணீர்ச் சத்தம் இப்போது இடமும் இல்லை, வலமும் இல்லை. சக்கரத்துக்கு அடியிலேயே கேட்டது. மேலே பனிக்குள் கம்பி இருந்தது. அதில் ஒருநாள் சிவப்பாக ஏதோ ஆடியது. யாரோ பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். தோட்டம் கட்டவில்லை, கந்தோர் கட்டவில்லை. முத்தம்மா அந்தச் சேலையில் கோயிலுக்கு வந்து பார்த்திருப்பதாக மாஸ்டர் சொன்னார்.

விதி கேட்டது அவ்வளவுதானே? தெரிகிற மாதிரி ஒன்று.

செல்வி ஹல்துமுல்லையிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். லயத்துக் காம்பராவில் அவளுக்கென்று ஒரு பக்கம் சாக்கு கட்டி மறைத்துக் கொடுத்தார்களாம். பிறகு ஒருநாள் சந்தனம் கையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு கச்சேரிக்குள் வந்தார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பெண் குழந்தை. முத்தம்மாவின் மூக்கு என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, முறைப்பாடாகச் சொன்னாரா தெரியவில்லை.

போகும்போது திரும்பி நின்றார்.

"பேரு வச்சிட்டோம்னா போதுங்க ஐயா. அதுக்கு அப்புறம் நீங்க எழுதிக்கலாம்."

இழுப்பறையிலிருந்து அந்த நினைவூட்டலை எடுத்து, தேதியிடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

அதை அனுப்ப வேண்டியிருக்கவில்லை. பதில் தானாகவே வந்தது. சிங்களத்தில் இருந்தது. சந்தனத்தை உட்கார வைத்து, நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தொழிலாளர் அணிவகுப்பில் மனைவியிடம் சொன்னது அறிவிப்புப் பலகை ஆகாது. விண்ணப்பதாரர் அந்த ஊர்க்காரர். நெடுங்காலமாக அப்பாதையைப் பயன்படுத்துகிறவர். ஆகவே அது வழக்கம்போல் திறந்திருக்கும் என்று நம்ப அவருக்கு நியாயம் உண்டு. பொறுப்பு, கட்டியவருடையது.

ஜப்பார் முதலாளி என்னிடம் சொன்னதைத்தான் கொழும்பு இத்தனை மாதம் யோசித்து, தலைகீழாக மாற்றிச் சொல்லியிருந்தது.

லைசென்ஸ் தப்பியது. ஆனால் சந்தனம் அதைக் கேட்கவில்லை.

"ரெண்டாவது சொன்னீங்களே ஐயா, அத இன்னொருக்காச் சொல்லுங்க."

"விண்ணப்பதாரர் அந்த ஊர்க்காரர்."

"அப்படியா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"சர்க்கார் முத்திரையோட?"

"முத்திரையோட."

அவர் தலையாட்டினார். விசாரணை முடிந்தது. புது நாள் குறித்தார்கள். ஹாலிஎலை ஸ்டேஷனில் நானும் முதலாளியும் மாஸ்டரும் நின்றோம். முத்தம்மா ஜன்னலோரம், சந்தனம் பக்கத்தில். இடையில் இடம் விடவில்லை. ரயில் பனிக்குள் போகும்போது முத்தம்மா அவரிடம் ஏதோ விடாமல் பேசிக்கொண்டே போனார். லைசென்ஸ் சட்டைப்பையில் சுத்தமாக இருந்தது. திருச்சியில் ஒரு பஸ் கம்பனியில் வேலை கிடைத்துவிட்டது என்று பிறகு சந்தனம் மாஸ்டருக்கு எழுதியிருந்தார். அந்தப் பக்கத்து ரோடெல்லாம் பழகவில்லையாம், மெதுவாகத்தான் ஓட்டுகிறாராம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் லண்டன் மருமகன் தலையில் கை வைத்தான். "ஒரு போர்டு வைக்கணுமா வேணாமான்னு சொல்றதுக்கு இத்தனை மாசமா? அந்த லெட்டர் உண்மையில எப்பத்தான் வந்துச்சு, மாமா?"

சரியான தேதியில்தான் வந்தது: செல்வியின் மகளுக்குப் பேர் வைத்த மறுநாள்.